பெயரைச் சொன்னால் வீடு தெரியுமா?
(அலுவலகக் கணினி வலையில் பெயரும் முகவரியும்)

நம் சங்க மலரில் நிகண்டுகளைப் பற்றியும், கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களைப் பற்றியும் இதற்கு முன் எழுதியிருக்கிறேன். பாத்திர வியாபாரியான நான் இந்த முறை கம்ப்யூட்டரைப் பற்றி எழுத வந்திருப்பது அன்பர்கள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சொல்லப்போனால் பொருள் மாறவே இல்லை. ஒரு பெயரைக் கேட்டு அதற்குரிய பொருளை எப்படிச் சென்றடைவது என்பதுதானே நிகண்டின் வேலை? நாலு கம்ப்யூட்டரை ஒரே ஒயரில் இணைத்துவிட்டால் அங்கேயும் அதே கேள்விதான் முளைக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. புனேயில் உள்ள நம்மவர்கள் வீடுகளில் பாதிக்குமேல் ஏதோ ஒரு சிறு அலுவலகத்தோடு சம்பந்தப்பட்டவை. ஆடிட்டர் ஆபீஸ், டிரான்ஸ்போர்ட், உதிரிபாகக் கடை, ஜெராக்ஸ் கடை என்று ஏதோ ஒன்று. அங்கெல்லாம் மாதத்தில் ஒரு நாளாவது திரையில் "சர்வர் கிடைக்கவில்லை" என்று வரும். டெக்னீஷியனுக்கு போன் போடுவோம். அவர் வருவார், என்னமோ தட்டுவார், 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்த "என்னமோ" என்ன என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அது பெயருக்கும் முகவரிக்கும் நடுவில் விழுந்த ஒரு சிக்கலாகத்தான் இருக்கும். வங்கிப் பணம் முதல் ஜிஎஸ்டி வரை எல்லாமே இந்தக் கம்பி வழியாகப் போகிற காலத்தில், வீட்டுத் தலைவரும் கடை முதலாளியும் இதைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு பாத்திரம், மூன்று அடையாளம்

நம் வீட்டுப் பெண்கள் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டி வாங்குவார்கள். கடையில் உட்கார்ந்து உளியால் ஒரு முறை வெட்டிவிட்டால், அந்தக் குடம் காஞ்சிபுரத்தில் இருந்தாலும் புனேயில் இருந்தாலும் வெட்டிய பெயர் மாறாது. அதே குடம் இன்றைக்குச் சமையலறையில் மேல் தட்டில் இருக்கலாம், நாளைக்கு மாடிப் பரணில் இருக்கலாம். இருக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இவை இரண்டும் போக, வீட்டில் எல்லோரும் அதைக் "பாட்டி குடம்" என்று கூப்பிடுவார்கள்.

கம்ப்யூட்டருக்கும் இப்படி மூன்று அடையாளம் உண்டு. அதன் நெட்வொர்க் அட்டையில் தயாரிப்பாளரே பொறித்து அனுப்புவது மேக் எண். இது 48 பிட் நீளம். 0 முதல் 9 வரையிலான இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளையும் சேர்த்து 12 இடங்களில் எழுதுவார்கள். அதில் முதல் பாதி தயாரிப்பாளரின் முத்திரை. ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு அதை நிறுவனங்களுக்கு ஒதுக்கித் தருகிறது. இதுதான் வெட்டிய பெயர். இரண்டாவது ஐபி எண். 192.168.1.10 என்பது போல நான்கு துண்டாக இருக்கும், ஒவ்வொரு துண்டும் 0 முதல் 255 வரை. இது தட்டு எண், அதாவது இருக்கும் இடம். மூன்றாவது நாம் சூட்டும் பெயர். எங்கள் கடையில் "கல்லா", "கிடங்கு", "மாடி" என்று மூன்று கம்ப்யூட்டர்கள் உண்டு. பையன்கள் வைத்த பெயர்கள். ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறார்கள், கூப்பிடுவது தமிழில்தான். மராட்டிக் கணக்குப்பிள்ளைகூட "கல்லா பந்த் ஹை" என்றுதான் சொல்வார்.

ஒன்று போதாதா, எதற்கு மூன்று? மனிதனுக்கு எண் நினைவில் நிற்காது, பெயர் வேண்டும். தூரத்தில் இருக்கும் இயந்திரத்துக்கு வழி கண்டுபிடிக்க, இது எந்தத் தெரு, எந்தப் பேட்டை என்று சொல்லும் எண் வேண்டும். அதற்கு ஐபி. ஒரே அறைக்குள் ஒரே ஸ்விட்சில் மாட்டியிருக்கும் அட்டைகள் ஒன்றையொன்று இனம் காண்பது மேக் எண்ணால். ஆகவே "கல்லா"வுக்கு ஒரு பில் அனுப்ப வேண்டுமானால் இரண்டு கேள்விக்கு விடை வேண்டும். கல்லா எந்த எண்ணில் இருக்கிறது? அந்த எண்ணை வைத்திருப்பது எந்த அட்டை? வழக்கெல்லாம் இந்த இரண்டு கேள்வியில்தான்.

ஒரு சின்னத் தகவல். 192.168 என்று தொடங்கும் எண்கள் உங்கள் ஆபீசிலும் இருக்கும், என் கடையிலும் இருக்கும். இரண்டும் மோதாதா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். ஊருக்கு ஊர் மகாத்மா காந்தி சாலை இருக்கிறதே, தபால் மாறிப் போகிறதா? ஐபி எண்களின் மொத்தக் கையிருப்பே சுமார் 429 கோடிதான் என்பதால், உள்வீட்டுப் புழக்கத்துக்கென்று சில வரிசைகளை ஒதுக்கி வைத்தார்கள். இவை வெளி உலகில் செல்லாது, நாலு சுவருக்குள் மட்டுமே செல்லும்.

"இந்த எண் யாருடையது?"

இரண்டாவது கேள்வியை முதலில் பார்த்துவிடுவோம், அது எளியது. எண் தெரிகிறது, அட்டை தெரியவில்லை. கம்ப்யூட்டர் என்ன செய்யும் என்றால், கூடத்தின் நடுவில் நின்று சத்தம் போடும். "192.168.1.10 யாருப்பா?" என்று கேட்கும். அந்த வலையில் உள்ள எல்லோர் காதிலும் அது விழும். உரியவர் மட்டும், "நான்தான், என் மேக் எண் இது" என்று பதில் சொல்வார். கேட்டவர் அதைச் சில நொடியோ சில நிமிடமோ நினைவில் வைத்துக்கொண்டு, அதுவரை மறுபடி கேட்காமல் வேலையை நடத்துவார். இந்த முறைக்கு ஏஆர்பி என்று பெயர். 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் என்பவர் ஆர்எஃப்சி 826 என்ற ஆவணத்தில் எழுதி வைத்தது. சில பக்கங்களே கொண்ட அந்த ஆவணத்தின் மேல்தான் இன்றைக்கும் உலகத்தின் பெரும்பாலான அலுவலகங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஐபியின் புதிய பதிப்பில் இதற்கு வேறு ஏற்பாடு உண்டு. ஆனால் சிறு கடைகளில் நீங்கள் காணப்போவது இதைத்தான்.

வியாபாரி கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு பெரிய ஓட்டை தெரியும். "நான்தான்" என்றவனிடம் "நீதானா?" என்று திருப்பிக் கேட்கும் வழக்கம் இந்த ஏற்பாட்டில் கிடையாது. பதில் வந்தால் நம்பிவிட வேண்டியது. கேட்காமலே ஒருவன் வந்து "நான்தான் 10-ஆம் நம்பர்" என்று சொன்னாலும் பல கம்ப்யூட்டர்கள் குறித்துக்கொள்ளும். ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த பழக்கம் அது. சந்தைக்கு வந்த பிறகும் மாறவில்லை.

இதனால் என்ன ஆகும் என்பதை 2019 மார்ச் கடைசி வாரத்தில் நாங்கள் கண்டோம். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். ரவிவார் பேட்டையில் எங்கள் கடை வாசலில் ஹூப்ளி போக வேண்டிய லாரி, பித்தளை அண்டாவும் செம்புத் தவலையும் ஏற்றிக்கொண்டு நிற்கிறது. 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு மாநில எல்லை தாண்டினால் இ-வே பில் இல்லாமல் நகர முடியாது. பில் போட உட்கார்ந்தால் மெயின் கம்ப்யூட்டர் கிடைக்கிறது, இரண்டு நிமிடத்தில் கிடைக்கவில்லை, பிறகு தானே கிடைக்கிறது. கல்லாவில் வேலை செய்யும்போது கிடங்கில் செய்யவில்லை, கிடங்கில் செய்தால் மாடியில் இல்லை. வழக்கமாக வரும் டெக்னீஷியன் மதியம் வந்து பார்த்துவிட்டு, "சேட், சர்வர் மதர்போர்டு போச்சு, புதுசு 70,000 ஆகும்" என்றார். டிரைவர் வெயிலில் பீடி பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கிறார். லாரி அன்றிரவு கிளம்பாவிட்டால் நிறுத்துக் கூலி நம் தலையில். அதைவிட, ஹூப்ளிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கான சரக்கு அது.

என் மச்சினர் மகன் அப்போது இங்கே பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் வந்தவன் எதையும் கழற்றவில்லை. கல்லாவில் உட்கார்ந்து கறுப்புத் திரையைத் திறந்து, ஏஆர்பி என்று தட்டி ஒரு இடைவெளி விட்டு, சிறு கோடும் ஏ எழுத்தும் போட்டான். அந்தக் கம்ப்யூட்டர் யார் யாரை எந்த மேக் எண்ணோடு நினைவில் வைத்திருக்கிறது என்ற பட்டியல் வந்தது. தாளில் குறித்துக்கொண்டான். பிறகு கிடங்குக்குப் போய் அங்கேயும் அதையே தட்டினான். திரும்பி வந்து சொன்னான்:

"மாமா, 10-ஆம் நம்பருக்கு ரெண்டு பேர் கை தூக்கறாங்க. கல்லாவுக்கு ஒருத்தன் கிடைக்கறான், கிடங்குக்கு இன்னொருத்தன் கிடைக்கறான்."

இரண்டாவது மேக் எண்ணின் முதல் பாதியைத் தேடிப் பார்த்ததில் அது கேமரா தயாரிக்கும் கம்பெனியின் முத்திரை. இரண்டு நாள் முன்னால்தான் சிசிடிவி மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மாட்டியவர் அதன் பதிவுப் பெட்டிக்கு 192.168.1.10 என்று கையால் எண் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அது எங்கள் மெயின் கம்ப்யூட்டரின் எண். யார் கடைசியாகப் பதில் சொன்னார்களோ அவர்களுக்கு பில் போகிறது. கேமராப் பெட்டிக்கு பில்லைப் பற்றி என்ன தெரியும்? மெயின் கம்ப்யூட்டரின் மூலையில் எண் மோதல் என்று ஒரு எச்சரிக்கை வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. கடைப் பையன் விளம்பரம் என்று நினைத்து மூடிக்கொண்டே வந்திருக்கிறான். பதிவுப் பெட்டிக்கு 250 என்று எண்ணை மாற்றியதும் எல்லாம் அடங்கியது. லாரி ஒன்பதரை மணிக்குக் கிளம்பியது. மதர்போர்டு அதற்குப் பிறகு நான்கு வருஷம் உழைத்தது.

அன்றைக்குச் செலவு மிச்சமானதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறு. அந்தப் பெட்டி அறியாமல் செய்ததை ஒருவன் அறிந்தே செய்தால்? ஒரே வலைக்குள் நுழைந்துவிட்டவன், "வெளிவாசல் நான்தான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தால், கடையிலிருந்து வெளியே போகும் போக்குவரத்தெல்லாம் அவன் கை வழியாகப் போகும். இப்படிச் செய்வதற்கு ஏஆர்பி ஸ்பூஃபிங் என்றே பெயர் இருக்கிறது. வங்கித் தளங்கள் இப்போது பூட்டு அடையாளத்தோடு மறைகுறியாக்கி வருவதால் கடவுச்சொல்லை நேரடியாகப் படிக்க முடியாது என்பது ஆறுதல். ஆனால் ஆபீசுக்குள் ஓடும் பழைய மென்பொருள்கள் எல்லாம் அப்படிப் பூட்டிக்கொண்டு ஓடுவதில்லை. வாடிக்கையாளருக்கும் கூரியர் பையனுக்கும் கடை வைஃபை கடவுச்சொல்லைத் தாராளமாகக் கொடுக்கிறோமே, அது உபசாரம்தான். ஆனால் விருந்தினருக்குத் திண்ணை வேறு, கல்லாப்பெட்டி அறை வேறு. பெரும்பாலான ரவுட்டர்களில் விருந்தினருக்கென்று தனி வலை அமைக்கும் வசதி இருக்கிறது.

பெயர்ப் பட்டியல் யார் கையில்?

இனி முதல் கேள்வி: பெயரிலிருந்து எண். இதன் வரலாறு சுவையானது.

இணையத்தின் மூதாதையான அர்ப்பாநெட் காலத்தில் உலகம் முழுமைக்கும் ஒரே ஒரு பட்டியல்தான் இருந்தது. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையார் தலைமையில் ஒரு சிறு குழு அதைக் காத்து வந்தது. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சேர்ந்தால் அவர்களிடம் தெரிவிக்க வேண்டும். அவர்கள் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பில் ஒரு வரி சேர்ப்பார்கள். மற்றவர்கள் அவ்வப்போது அதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். ஊருக்கு ஒரே ஏட்டுச்சுவடி, வேண்டியவர் படியெடுத்துப் போக வேண்டும் என்பது போல. படியெடுத்த பிறகு மூலத்தில் திருத்தம் வந்தால் உங்கள் படி பழையதாகிவிடும். பாடபேதம் பார்த்துப் பழகிய நமக்கு இந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர்கள் நூற்றுக்கணக்கில் பெருகியதும் இந்த முறை தாங்கவில்லை. 1983 நவம்பரில் தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்தில் இருந்த பால் மொக்கபெட்ரிஸ் ஒரு புது ஏற்பாட்டை முன்வைத்தார். அதுதான் டிஎன்எஸ். ஒரே பேரேட்டில் எல்லாக் கிளைக் கணக்கையும் எழுதாமல், கிளைக்கு ஒரு பேரேடு கொடுத்துவிட்டு, எந்தக் கிளையின் பேரேடு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் தலைமையகத்தில் வைத்துக்கொள்வது. உச்சியில் இருப்பவர்கள் வேர் சேவையகங்கள். ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் இருக்கிறார்கள். உலகெங்கும் பல நூறு இடங்களில் அவற்றின் பிரதிகள் இயங்குகின்றன. ஒரு தளத்தின் பெயர் இன் என்று முடிந்தால், வேர் சேவையகம், "இன் கணக்கு இன்னாரிடம்" என்று கைகாட்டும். அவர் அடுத்த கிளையைக் காட்டுவார். கடைசிக் கிளை எண்ணைச் சொல்லும். பெயரை நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், அது வலக்கோடியிலிருந்து விசாரித்துக்கொண்டு வருகிறது.

சொன்ன பதிலுக்கு ஒரு ஆயுளும் உண்டு. பித்தளை வியாபாரத்தில் யாராவது போனில் ரேட் கேட்டால், "கிலோ இவ்வளவு, இந்த ரேட் சாயங்காலம் ஆறு மணி வரை" என்றுதான் சொல்வோம். ஆறு மணிக்குப் பிறகு பழைய ரேட்டைச் சொல்லிக்கொண்டு வந்தால் செல்லாது. டிஎன்எஸ் பதிலிலும் இத்தனை நொடிக்குச் செல்லும் என்று எழுதியே வரும். 300 நொடி என்றால் ஐந்து நிமிடம், 86,400 என்றால் ஒரு நாள். உங்கள் அலுவலகத்தின் இணையதளத்தையோ மின்னஞ்சலையோ வேறு கம்பெனிக்கு மாற்றினால், சிலருக்கு உடனே புதியது கிடைக்கும், சிலருக்கு மறுநாள் வரை பழைய இடத்துக்கே போகும். காரணம் இந்த ஆயுள்தான். விவரம் தெரிந்தவர்கள் மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே ஆயுளை ஐந்து நிமிடமாகக் குறைத்து வைத்துவிட்டுப் பிறகு மாற்றுவார்கள்.

ஆனால் பழைய ஏட்டுச்சுவடி அழிந்துபோகவில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும், சிஸ்டம்32 என்ற கோப்புறைக்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி என்று போனால், ஹோஸ்ட்ஸ் என்ற அதே பெயரில் ஒரு கோப்பு இன்றைக்கும் இருக்கிறது. டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன் கம்ப்யூட்டர் இதைத்தான் மதிக்கிறது. என்றோ ஒரு டெக்னீஷியன் அவசரத்துக்கு அதில் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருப்பார். மூன்று வருஷம் கழித்து எண் மாறும்போது மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் சரியாகப் போகும், அது ஒன்று மட்டும் காலி மனையில் போய்க் கதவைத் தட்டும். இதற்கு ஆயுள் கணக்கும் கிடையாது, அழிக்கும்வரை அப்படியே நிற்கும்.

இதைவிடக் கேடு, யாரைக் கேட்பது என்பதையே மாற்றிவிடுவது. டிஎன்எஸ் சேஞ்சர் என்ற தீநிரல் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களில் புகுந்து, "இனி பெயரை எங்களிடம் கேள்" என்று அமைப்பை மாற்றிவிட்டிருந்தது. 2011 நவம்பரில் அமெரிக்க எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்தது. பிடித்தவுடன் அந்தத் திருட்டுச் சேவையகங்களை நிறுத்திவிட்டால் அத்தனை பேருக்கும் இணையமே நின்றுபோகும் என்பதால், நீதிமன்ற அனுமதியோடு நல்ல சேவையகங்களை அந்த இடத்தில் வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். திருடன் வைத்த வழிகாட்டிப் பலகையை அரசாங்கம் எட்டு மாதம் பராமரிக்க நேர்ந்த கதை இது.

அலுவலகத்துக்குள்ளே

பெரிய நிறுவனங்களில் சொந்தமாக டிஎன்எஸ் சேவையகம் வைத்திருப்பார்கள். விண்டோஸ் 2000 வந்ததிலிருந்து மைக்ரோசாஃப்டின் அலுவலக ஏற்பாடு அதை நம்பித்தான் நிற்கிறது. ஆனால் ஆறு கம்ப்யூட்டர் உள்ள நம் கடைகளில் "கல்லா" எங்கே என்று கேட்டால் பதில் சொல்லும் பட்டியல் எதுவும் இல்லாமல் இருப்பதே வழக்கம். அப்போது பழையபடி கூடத்தில் நின்று சத்தம் போடுவதுதான். இந்தச் சத்தத்தில் பல தலைமுறை உண்டு. 1980-களில் வந்த நெட்பயாஸ் முதலாவது. விண்டோஸ் விஸ்டாவோடு பரவிய எல்எல்எம்என்ஆர் அடுத்தது. பெயரின் முடிவில் லோக்கல் என்று ஒட்டிக்கொண்டு வரும் எம்டிஎன்எஸ் மூன்றாவது. புது பிரிண்டரை வாங்கி மாட்டியதும் அது தானாகப் பட்டியலில் வந்து நிற்கிறதே, அது மூன்றாவதின் புண்ணியம்.

நெட்பயாஸில் பெயருக்கு 15 எழுத்துதான் இடம். 16-ஆவது இடம் இயந்திரம் என்ன வேலை செய்கிறது என்று குறிப்பதற்கு. நம்மவர்களுக்குக் கடைப் பெயரையே கம்ப்யூட்டருக்கும் வைக்கும் ஆசை உண்டு. விஜயலட்சுமி மெட்டல்ஸ் 1, விஜயலட்சுமி மெட்டல்ஸ் 2 என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் எழுதினால், 15 எழுத்தோடு வெட்டுப்பட்டு கடைசி எண் விழுந்துவிடும். பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே பெயருக்குச் சண்டை போடுவார்கள்.

சத்தம் போட்டுக் கேட்பதில் இருக்கும் ஆபத்தை ஏற்கெனவே சொன்னேன். பெயர் விஷயத்தில் அது இன்னும் கூடுதல். பையன் அவசரத்தில் "கல்லா"வை "கலா" என்று தட்டிவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி யாரும் இல்லை என்று டிஎன்எஸ் சொல்லிவிடும். உடனே கம்ப்யூட்டர் கூடத்தில் நின்று, "கலா யாரு?" என்று கேட்கும். வலைக்குள் ஒளிந்திருப்பவன், "நான்தான் கலா, உள்ளே வர உன் அடையாளத்தைக் காட்டு" என்பான். விண்டோஸ் தன் பயனர் பெயரையும், கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட ஒரு சான்றையும் நீட்டிவிடும். கடவுச்சொல் எளிதாக இருந்தால் அந்தச் சான்றிலிருந்து அதைக் கண்டுபிடிக்கக் கருவிகள் இருக்கின்றன. இதனால்தான் பாதுகாப்புத் துறையினர் அலுவலகங்களில் எல்எல்எம்என்ஆரையும் நெட்பயாஸ் வழிப் பெயர் கேட்பதையும் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். நிறுத்துமுன் ரவுட்டரிலோ வேறு இடத்திலோ ஒரு சிறு டிஎன்எஸ் பட்டியல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உண்மையான கல்லாவும் கிடைக்காது. இதை மறந்து நிறுத்திவிட்டு அலறுகிறவர்களும் உண்டு.

இடுகுறியும் காரணமும்

நன்னூல் படித்தவர்களுக்கு இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்ற பாகுபாடு நினைவிருக்கும். எங்கள் "மாடி" கம்ப்யூட்டர் மாடியில் இருந்தபோது காரணப் பெயராக இருந்தது. முழங்கால் வலியால் கணக்குப்பிள்ளை படி ஏற முடியாமல் போக, அதைக் கீழே கொண்டுவந்தோம். இப்போது "மாடி" கீழே இருக்கிறது. புதிதாக வந்த பையன் "மாடி வேலை செய்யலை" என்று கேட்டு மாடிக்கு ஓடுகிறான். எங்கள் சமண நூல்களில் ஒரு பொருளை நான்கு விதமாகக் குறிப்பிடலாம் என்று நிக்ஷேபக் கணக்கு ஒன்று உண்டு. அதில் முதலாவது நாம நிக்ஷேபம். இந்திரனுக்குரிய குணம் எதுவும் இல்லாத ஒரு குழந்தைக்கு இந்திரன் என்று பெயர் வைப்பது போல, குணத்தைப் பார்க்காமல் அழைப்பதற்காக மட்டும் இடும் பெயர். கம்ப்யூட்டருக்கு ஏற்றது இதுதான் என்பது என் எண்ணம். 1990 ஆகஸ்டில் டான் லிபஸ் என்பவர் இதற்கென்றே ஆர்எஃப்சி 1178 எழுதியிருக்கிறார். சொந்தப் பெயரை வைக்காதே, செய்யும் வேலையின் பெயரை வைக்காதே என்கிறார்; வேலையும் ஆளும் மாறிப்போகும், பெயர் நின்றுவிடும். ஆறுகள், பூக்கள், பண்கள் என்று ஏதாவது ஒரு வரிசையை எடுத்துக்கொண்டால் நமக்குப் பஞ்சமா என்ன? குறிஞ்சி, முல்லை, மருதம் என்று வைத்தால் 15 எழுத்துக்குள்ளும் அடங்கும்.

வேலைப் பெயரால் கூப்பிடத்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மண்டலபுருடர் சூடாமணி நிகண்டில் ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களைத் தொகுத்தது போல, டிஎன்எஸ்ஸிலும் ஒரு கம்ப்யூட்டருக்கு மாற்றுப் பெயர் சேர்க்கலாம். "பில்" என்று கேட்டால் "முல்லை"யைக் காட்டு என்று ஒரு வரி. நாளைக்கு பில் போடும் வேலை மருதத்துக்கு மாறினால் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும். ஆறு மேசையிலும் போய்த் திருத்த வேண்டாம்.

உள்வீட்டுப் பெயருக்கு முடிவில் என்ன போடுவது என்பதிலும் கவனம் தேவை. கார்ப், ஹோம் என்று அலுவலகங்கள் தாமாகவே போட்டுக்கொண்டு வந்தார்கள். அவை நாளைக்கு யாருக்காவது விற்கப்பட்டால் உள்வீட்டுக் கேள்வி வெளிவீட்டுக்குப் போய்விடும் என்ற பயம் இருந்தது. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் 2018-ல் அவற்றை யாருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்தது. 2024 ஜூலையில் இன்டர்னல் என்ற முடிவை உள்வீட்டுக்கென்றே ஒதுக்கியது. புதிதாக ஆபீஸ் போடுகிறவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நோட்டும் ஒரு சோதனையும்

எண்களைப் பங்கிடுவது பெரும்பாலும் ரவுட்டரின் டிஎச்சிபி வேலை. 1993-ல் வந்த ஏற்பாடு. யார் வந்து கேட்டாலும் கையிருப்பிலிருந்து ஒரு எண்ணைக் குத்தகைக்குக் கொடுக்கும், காலம் முடிந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளும். வந்து போகிறவர்களுக்கு இது சரி. மெயின் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமராப் பெட்டி மூன்றும் குடிவாரதாரர் மாதிரி, நிலையாக இருக்க வேண்டும். அவற்றின் மேக் எண்ணை ரவுட்டரில் பதிந்து, இவருக்கு எப்போதும் இந்த எண் என்று ஒதுக்கிவிடலாம். செல்போனுக்கு மட்டும் இந்த ஒதுக்கீடு எளிதில் நிற்காது. அண்மைக் காலப் போன்கள் தனியுரிமைக்காக வலைக்கு வலை வெவ்வேறு மேக் எண்ணைச் சொல்லிக்கொள்கின்றன, வெட்டிய பெயரையே மறைத்துக்கொள்கின்றன.

எங்கள் கடையில் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி: பெயர், எண், மேக் எண், இருக்கும் இடம், மாட்டிய தேதி, மாட்டியவர். யார் புதிதாக எதை மாட்ட வந்தாலும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம். கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

அடுத்த முறை "சர்வர் கிடைக்கவில்லை" என்று வந்தால் போன் எடுப்பதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். கறுப்புத் திரையில் பிங் என்று தட்டி, மெயின் கம்ப்யூட்டரின் எண்ணைக் கொடுங்கள். பிறகு பிங் தட்டி அதன் பெயரைக் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் இயந்திரமும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு பெயர்ப் பட்டியலில். பெயருக்குப் பதில் வந்தாலும் அது காட்டும் எண் நோட்டில் உள்ள எண்தானா என்று ஒத்துப் பாருங்கள். எண்ணுக்கே பதில் இல்லை, அல்லது விட்டு விட்டு வருகிறது என்றால், மூன்றாவதாக இரண்டு மேசையில் ஏஆர்பி பட்டியலைப் பார்த்து மேக் எண்ணை நோட்டோடு ஒத்துப் பாருங்கள். சில கம்ப்யூட்டர்களில் பாதுகாப்புச் சுவர் பிங்குக்குப் பதில் சொல்லாமல் தடுத்திருக்கும். உங்களுடையது அப்படியா என்று எல்லாம் நன்றாக ஓடும் நாளிலேயே ஒரு முறை தட்டிப் பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள். இந்த மூன்று விடையையும் தாளில் எழுதிக்கொண்டு டெக்னீஷியனுக்குப் போன் செய்தால், அவர் ஸ்கூட்டரைக் கிளப்புவதற்கு முன்பே எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.